தள்ளி நின்று பழகுதல்: நெவாடா குதிரை நாட்குறிப்பு

ஞாயிறு, ரீனோ

சாக்ரமென்டோவிலிருந்து கிளம்பி சியரா நெவாடா மலையைத் தாண்டுவதற்குள் நிலமே வேறாகிவிடுகிறது. மேற்குச் சரிவு முழுக்க பைன் மரங்களும் ஈரமும். டானர் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினால் மழை மறைவுப் பகுதி. சாம்பல் பூத்த பச்சையில் சேஜ் புதர்கள், அதற்கப்பால் மொட்டைக் குன்றுகள். மரம் என்று பார்த்தால் ஆற்றங்கரையில்தான். அமெரிக்காவின் காட்டுக் குதிரைகளில் ஏறக்குறைய பாதி நெவாடா என்ற இந்த ஒரு மாநிலத்தில்தான் மேய்கின்றன.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாடும் ஆடும்தான் அதிகம், குதிரை குறைவு. சாக்ரமென்டோவில் இருக்கும் மகள் சமீபத்தில் மஸ்டாங் என்னும் காட்டுக் குதிரைகளில் ஒரு பெட்டையைத் தத்தெடுத்து, ரீனோவுக்குத் தெற்கே வாஷோ பள்ளத்தாக்கில் ஒரு பயிற்சியாளரின் பண்ணையில் விட்டிருக்கிறாள். பெயர் செவலை. "அப்பா, நீங்க ஒரு வாரம் வந்து பாருங்க. ஆனா கை வைக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான்" என்று சொல்லித்தான் அழைத்து வந்தாள்.

குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே முற்றிலும் அழிந்துபோய், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களின் கப்பலில் திரும்பி வந்தது. தப்பியதும் விடப்பட்டதுமாகப் பெருகியவைதான் இன்றைய மஸ்டாங்குகள். கோடியக்கரையில் திரியும் மட்டக்குதிரைகளும் இப்படி மனிதரிடமிருந்து காட்டுக்குப் போனவைதான். ஆனாலும் மேய்ச்சல் வெளியில் பிறந்து மனிதக் கையே அறியாமல் வளர்ந்த குதிரை, பழக்குபவரைப் பொறுத்தவரை முழுக் காட்டு விலங்கு.

ரீனோவுக்கு வந்துவிட்டு வெல்மா ஜான்ஸ்டனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர், ஓர் அலுவலகச் செயலர். 1950-இல் வேலைக்குப் போகும் வழியில், ரத்தம் சொட்டப் போன ஒரு லாரியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். உள்ளே இருந்தவை கசாப்புக்குப் போகும் காட்டுக் குதிரைகள். அன்று தொடங்கிய போராட்டத்தால் 1959-இல் பொது நிலங்களில் மோட்டார் வண்டி ஓட்டிக் குதிரை வேட்டையாடுவது தடை செய்யப்பட்டது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1971-இல் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் காக்கும் சட்டம் வந்தது. 'காட்டுக் குதிரை ஆனி' என்று கேலி செய்ய வைத்த பெயரையே அவர் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

திங்கள், பாலமினோ பள்ளத்தாக்கு

ரீனோவிலிருந்து பிரமிட் ஏரிக்குப் போகும் சாலையில் வடக்கே அரை மணி நேரம். பொது நிலங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பெரிய குதிரை மையம் இங்கே இருக்கிறது. செவலை வந்ததும் இங்கிருந்துதான். இரும்புக் குழாய்ப் பட்டிகள் வரிசை வரிசையாக, நிறம் நிறமாகக் குதிரைகள். வேலியை நெருங்கினால் ஒரு பட்டி முழுக்க ஒரே அலையாக மறுகோடிக்கு நகர்கிறது.

மேய்ச்சல் வெளியிலிருந்து இவற்றைத் திரட்டி வருவது பெரும்பாலும் ஹெலிகாப்டரால். 1976-இல் சட்டம் அதற்கு வழி விட்டது. இங்கே வந்ததும் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, ஆண்களுக்குக் காயடிப்பு, கழுத்தின் இடப்பக்கம் உறைகுறி. திரவ நைட்ரஜனில் குளிர வைத்த அச்சை வைத்தால் அந்த இடத்து முடி வெள்ளையாக முளைக்கும். கோணக் கோடுகளாக இருக்கும் அந்தக் குறியில் பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் அடங்கியிருக்கும்.

இதையெல்லாம் செய்ய குதிரையை இரும்புக் கூண்டில் நெருக்கி நிறுத்துகிறார்கள். நம் கால்நடை மருந்தகத்தில் மாட்டை அசையாமல் நிறுத்தும் டிராவிஸ் கூண்டின் பிரம்மாண்டமான வடிவம் என்று சொல்லலாம். தவிர்க்க முடியாத வேலைதான், புரிகிறது. ஆனால் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரை இதயம், அச்சத்தில் 200-ஐத் தாண்டக்கூடியது. கதவு இரும்பில் மோதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த மூக்குத் துவாரங்கள் விரிவதைப் பார்த்தபோது எனக்கு அந்த எண்தான் ஓடியது. மனிதனைப் பற்றி இந்தக் குதிரைகள் கற்ற முதல் பாடம் இது. பழக்குபவர் இதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பொது நிலம் தாங்கும் என்று பணியகம் கணக்கிட்ட எண்ணிக்கை சுமார் 25,500. 2020-இல் குதிரையும் கழுதையுமாக 95,000 இருந்தன, அதற்குப் பிறகு குறைந்தும் 70,000-க்கு மேல். பிடித்துவந்து பட்டிகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் வைத்திருப்பவை வேறு 60,000-க்கு மேல். தத்துக் கட்டணம் பொதுவாக 125 டாலரிலிருந்து தொடங்குகிறது. வளர்ந்த குதிரைக்கு ஆறடி உயர வேலியும் குறைந்தது 400 சதுர அடிப் பட்டியும் வேண்டும். ஓராண்டு ஒழுங்காக வளர்த்ததற்குச் சான்று காட்டினால்தான் குதிரை நம் பெயருக்கு மாறும்.

தொட முடியாத குதிரைக்குக் குளம்பு சீவ முடியாது. ஊசி போட முடியாது. வயிற்றுவலி வந்தால் பக்கத்தில் போக முடியாது. அதனால் அது கை மாறிக்கொண்டே போகும், கடைசியில் யாரிடம் போய் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. முதல் சில வாரங்களில் அது மனிதரைப் பற்றி என்ன முடிவுக்கு வருகிறது என்பதில் அதன் மிச்ச ஆயுள் அடங்கியிருக்கிறது. மென்மையாகப் பழக்குவதை நான் அழகான பொழுதுபோக்காகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

செவ்வாய், வாஷோ பள்ளத்தாக்கு

செவலை நான்கு வயதுப் பெட்டை. மாநிறச் சிவப்பு, நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை. இங்கே வந்து மூன்று வாரமாகிறது. தலைக்கயிறு மாட்டாமல்தான் மையத்திலிருந்து ஏற்றி வந்தார்கள். கூண்டிலேயே மாட்டி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தொட முடியாத குதிரையின் தலையில் கயிறு இருந்து எங்காவது மாட்டிக்கொண்டால் கழற்ற வழியில்லை என்று பயிற்சியாளர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

பயிற்சியாளர் அறுபது தாண்டிய பெண்மணி. சத்தமில்லாத ஆள். பட்டிக்குள் நுழைந்ததும் குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக நடக்கவும் இல்லை. தோளைச் சாய்த்து, வளைந்த பாதையில், அதன் முன்னங்கால் தோளை நோக்கிப் போனார். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாத இடம். அந்த இரண்டு வழியாகவும் அவர் வருவதே இல்லை.

சுமார் இருபதடி இருக்கும்போது செவலையின் தலை உயர்ந்தது. வால் ஒட்டிக்கொண்டது. அவர் அங்கேயே நின்றார். பின்வாங்கவும் இல்லை, முன்னேறவும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குதிரையின் இடக்காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. அந்த நொடியே அவர் திரும்பி இரண்டடி விலகி நடந்தார்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. காட்டுக் குதிரைக்கு நாம் தரக்கூடிய பெரிய பரிசு தீவனம் இல்லை. நாம் விலகிப் போவதுதான். ஓடாமல் நின்று, நம்மைக் கவனித்ததற்கு விலையாக அது கேட்ட தூரத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஓடினால்தான் தூரம் கிடைக்கும் என்று இதுவரை தெரிந்து வைத்திருந்த குதிரை, நின்றாலும் கிடைக்கும் என்று கற்கிறது. அழுத்தம் வந்ததால் குதிரை எதையும் கற்பதில்லை. அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கற்கிறது. அரை நொடி தாமதமாக விலகினால், அதற்குள் அது தலையை உதறியிருந்தால், தலை உதறுவதைத்தான் கற்றுக்கொடுத்தோம் என்று ஆகிவிடும்.

"அப்பா, வாயைப் பாருங்க" என்றாள் மகள். செவலை உதட்டை நக்கி, வாயை மென்றுகொண்டிருந்தது. குதிரைக்காரர்கள் பலர் இதைப் 'புரிந்துகொண்டது' என்பார்கள். நான் மருத்துவனாகச் சொல்கிறேன், பதற்றத்தில் உலர்ந்த வாயில் மறுபடி உமிழ்நீர் ஊறும்போது வரும் அசைவு அது. பதற்றம் இருந்து, இப்போது இறங்குகிறது என்பது மட்டும் உறுதி. அடுத்த முறை அந்தப் பதற்றமே குறைவாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார். பக்கத்துப் பட்டியில் கிழட்டு ஆண் குதிரை ஒன்று, காயடித்தது, ரொம்பச் சாது. அதை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார்கள். அதைத் தடவுவதையும் அது கண் சொருகி நிற்பதையும் செவலை நாள் முழுக்கப் பார்க்கிறது.

புதன்

இன்று மூங்கில் கழி. சுமார் பன்னிரண்டடி நீளம், கையில் கனமே இல்லாதது. ஓரிகான் மாநிலத்தின் ஜான் ஷார்ப் என்ற மூத்த குதிரைக்காரர் மஸ்டாங் தத்தெடுப்பவர்களுக்கு இந்த முறையைப் பரவலாகக் கற்றுக்கொடுத்தார்.

கழியைப் பார்த்ததும் அடிக்கத்தான் என்று நினைக்கத் தோன்றும். இது தொடுவதற்கு. கை நீட்டித் தொடும் தூரத்துக்கு மனிதன் வந்தால் குதிரைக்கு உயிர்ப்பயம். கழி இருந்தால் மனிதன் அது பொறுக்கும் தூரத்திலேயே நின்றுகொள்ளலாம், தொடுகை மட்டும் முன்னே போகும்.

முதலில் கழியின் நுனியை மோந்து பார்க்க விட்டார். அப்புறம் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் மெல்ல வைத்தார். செவலை ஒரு சுற்று ஓடியது. அவர் துரத்தவில்லை, கழியை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அந்த உயரத்திலேயே பிடித்தபடி கூடவே சிறு வட்டமாக நடந்தார். குதிரை நின்றது. கழியை உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். இந்த முறை நாலு எட்டுதான் நகர்ந்தது. அதற்கடுத்து தோல் மட்டும் சிலிர்த்தது. பிறகு நுனியால் அந்த மேட்டை மெதுவாகச் சொரிய ஆரம்பித்தார்.

ஏன் அந்த இடம்? குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொரிந்துவிடும்போது அதிகம் தேர்ந்தெடுக்கும் இடம் அது. பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் செய்து 1993-இல் வெளியான ஆய்வில், அந்த இடத்தில் கையால் சொரிந்தபோது இதயத் துடிப்பு குறைந்தது. வேறு இடத்தில் சொரிந்தபோது அப்படிக் குறையவில்லை. மாட்டுக்குத் தாடையடியில் சொரிந்துவிட்டு ஊசி போட்டே காலம் தள்ளிய எனக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை.

சாயங்காலம் செவலையின் மேலுதடு நீண்டு துடித்தது. கழுத்து தாழ்ந்தது. நீண்ட ஒரு மூச்சு விட்டது. அவர் கழியில் பிடி மாற்றி மாற்றி ஒவ்வொரு அடியாக நெருங்கிக்கொண்டிருந்தார். மகளின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வியாழன்

மதியத்துக்கு மேல் சியராவிலிருந்து காற்று இறங்கிவிட்டது. வாஷோ செஃபர் என்று இந்த ஊரில் அதற்கே பெயர் இருக்கிறது. தகரம் படபடக்க, பட்டியில் எல்லாக் குதிரைகளும் தலை தூக்கியே நின்றன. காலையில் நடந்ததோடு சரி, இன்று இனிப் பாடம் இல்லை என்றார் பயிற்சியாளர். காற்றுக்கு ஒரு பயம், சத்தத்துக்கு ஒரு பயம், அதன் மேல் நாமும் ஒன்றா? சின்னச் சின்னப் பயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால், கடைசியில் வரும் அற்ப விஷயத்துக்கு விலங்கு வெடித்துவிடும். உலர்புல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தோம்.

காபியோடு நிறையப் பேசினோம். பழைய மேற்கத்திய முறையில் குதிரையைக் கம்பத்தில் கட்டி, கண்ணை மூடி, சேணம் பூட்டி, துள்ளி ஓயும்வரை ஏறி உட்கார்ந்திருப்பார்கள். சில நாளில் வேலை முடிந்துவிடும். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஓரிகானில் 1910-இல் பிறந்த டாம் டோரன்ஸ். அவரிடம் கற்ற ரே ஹன்ட் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். குதிரையின் பக்கமிருந்து பார் என்பதுதான் அவர்கள் வழி. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்தின் செனஃபன் ஏறக்குறைய 2,350 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார், ஆகவே புதுக் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது.

வட்டப் பட்டியில் குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டு, அது களைத்து நம்மிடம் வருவதைக் காட்டும் நிகழ்ச்சிகள் இங்கே பிரபலம். பார்க்க மாயாஜாலம் போல இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. வெளியே போக வழியில்லாத இடத்தில், ஓடி ஓய்ந்த விலங்கு அசையாமல் நின்றால் அது நம்பிக்கை வைத்துவிட்டது என்று அர்த்தமாகாது. முயற்சியைக் கைவிட்டது என்றும் அர்த்தம் இருக்கலாம். இறுகிய தாடை, கண்ணுக்கு மேல் முக்கோணச் சுருக்கம், அசையாத காது, வெறித்த பார்வை. இவற்றோடு நிற்கும் குதிரை அமைதியாக இல்லை. அதிகமாக விரட்டப்பட்ட காட்டு விலங்குகளின் தசையே சிதைந்து, சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் உண்டு என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

வெள்ளி, வர்ஜீனியா மலைத்தொடர்

காலையில் கிழக்கே மலைச் சாலையில் போனோம். இந்தத் தொடரின் குதிரைகள் பணியகத்தின் கணக்கில் வருவதில்லை, மாநிலத்தின் பொறுப்பு. எண்ணிக்கை பெருகாமல் இருக்க, தன்னார்வலர்கள் ஊசித் துப்பாக்கியால் பெட்டைகளுக்குக் கருத்தடை மருந்து போடுகிறார்கள். பிடிக்க வேண்டாம், விரட்ட வேண்டாம். இதை இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வயதான பெட்டை ஒன்று தண்ணீரை நோக்கி நடக்க, இளம் குதிரை ஒன்று வழியில் நின்றது. கிழவி காதைப் பின்னுக்குத் தள்ளியது, அவ்வளவுதான். இளசு ஓரடி ஒதுங்கியது. அந்தக் கணமே கிழவியின் காது முன்னுக்கு வந்துவிட்டது. கடி இல்லை, உதை இல்லை. பயிற்சியாளர் நாள்தோறும் செய்வது இதைத்தான். அவர் இவற்றிடம் கற்றிருக்கிறார்.

சனி, கார்சன் சிட்டி

மாநிலச் சிறையின் பண்ணையில் இன்று ஏலம். சிறையில் இருப்பவர்களே மஸ்டாங்குகளைச் சுமார் நான்கு மாதம் பழக்கி, சேணமேற்றி, ஏலத்தில் தத்துக் கொடுக்கிறார்கள். கொலராடோவில் 1986-இல் தொடங்கிய முயற்சி, இங்கே 2000-இல் வந்தது. எல்லைக் காவல் படையிலும் இப்படிப் பழகிய குதிரைகள் வேலை செய்கின்றன.

மரப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொருவரும் தாம் பழக்கிய குதிரையில் ஏறி வந்து நடை, ஓட்டம், பின்னடி எல்லாம் காட்டினார்கள். ஒருவர் மழைக்கோட்டைக் குதிரையின் முதுகில் விரித்து எடுத்தார், குதிரை காதை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டது. ஏலம் முடிந்ததும் புதிதாக எடுத்த குடும்பத்திடம் அவர் பேசியதைக் கேட்டேன். எங்கே சொரிந்தால் பிடிக்கும், எந்தப் பக்கம் கொஞ்சம் கூச்சம், காலைத் தூக்கும் முன் எங்கே கை வைக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குதிரைக்காக அவர் அவ்வளவு கவலைப்பட்டார்.

ஞாயிறு, வாஷோ பள்ளத்தாக்கு

மூன்று நாளாகக் காலை வேளைகளில் கழி குட்டையாகிக்கொண்டே வந்து, நேற்றுக் காலை நாங்கள் கிளம்பும் முன்பே கை அந்த மேட்டைத் தொட்டுவிட்டது. இன்று மகளின் முறை. கை கழுத்தில் நகர, செவலை நின்றது. தலைக்கயிறை முதலில் கையில் வைத்துக்கொண்டே சொரிந்தாள். பிறகு அதை மூக்கருகே திறந்து பிடித்தாள். குதிரையே மூக்கை உள்ளே விடும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். பலமுறை முகத்தைத் திருப்பியது. திருப்பும்போதெல்லாம் மகளும் கையைத் தழைத்துவிட்டாள். எப்போது என்று கவனிக்கும் முன்பே மூக்கு உள்ளே இருந்தது. காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டதும், அடுத்த நொடி அவிழ்த்து எடுத்துவிட்டாள்! இன்றைக்கு அவ்வளவுதான்.

பரிசாகக் கேரட் கொடுக்கலாமே என்று கேட்டேன். மேய்ச்சல் வெளியில் வளர்ந்த குதிரைக்குக் கேரட்டும் ஆப்பிளும் உணவு என்றே தெரியாதாம். ஒரு பிடி உலர்புல்தான் கொடுத்தாள். நாவால் 'டக்' என்று ஒலி எழுப்பி உடனே புல் கொடுத்து, அந்த ஒலியையே 'சரியாகச் செய்தாய்' என்ற அடையாளமாக்கும் வேலையும் நடக்கிறது.

இனி வரிசையாக வேலை இருக்கிறது. கயிற்றை மெல்ல இழுத்தால் இணங்குவது, தளர்ந்த கயிற்றோடு நடப்பது, காலில் மென்மையான கயிறு வளையம் போட்டு, குதிரை உதறும் முன்பே இறக்கி விடுவது, அப்புறம் கையால் குளம்பைத் தூக்குவது. லாடக்காரர் வரும் நாளில் அது மூன்று காலில் நிம்மதியாக நிற்க வேண்டும். அதோடு, இதுவரை நடந்தது முழுக்க இடப்பக்கம். வலக்கண்ணுக்கு இந்த மனிதர்கள் இன்னும் புதியவர்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டுமாம். நாளைக்கு மகள் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறாள்.